தெல்தெனிய கெசட்டில் ஒரு சத்தம்

இல்ல மிஸ், டீயெல்லாம் வேணாம், குடிச்சிட்டுத்தான் வந்தேன். கண்டி குட்ஷெட் ஸ்டாண்டுல பஸ்ஸ விட்டு எறங்கினா எனக்கு மொத வேலையே அதுதான். நீங்க ஒங்க வேலையப் பாருங்க. காதுல மாட்டினத கழட்டக்கூட வேணாம், ஒரு காத மட்டும் எனக்குக் குடுத்தா போதும். இந்தக் கதிரைல இருக்கலாம் தானே? படி ஏறினதுல மூச்சு வாங்குது. வயசாளிங்க யாரும் வந்து தொல்ல குடுக்கக் கூடாதுன்னே மூணாவது மாடியில ஸ்டூடியோ வச்சிருக்கீங்க போல. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க.

பேரு வீரசிங்கம். வத்தேகமல இருந்து வாறேன். டனல் ஃபைவ் பேண்ட் ரசிகர் குரூப்புல நானும் ஒரு ஆளு. எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, மஹ்மூத் நானா, அவரு ஒங்ககிட்ட ஒரு பழைய கெசட் குடுத்திருக்கார் தானே, எண்பத்திரெண்டாம் வருசம் தெல்தெனிய கார்னிவல்ல டனல் ஃபைவ் வாசிச்சது? அத துப்புரவாக்கி சீடி போடச் சொல்லி? ஆ, அதே கெசட்தான். அந்த விசயமாத்தான் வந்தேன். இல்லயில்ல, மஹ்மூத் நானா அனுப்பல. நான் வந்தது நானாவுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்தா ரொம்ப நல்லம்.

அதுல நாலாவது பாட்டு, மழைக் கோச்சி. டெரிக்கோட கிட்டார் மட்டும் தனியாப் போயி, அப்படியே நிக்குற எடம். அங்க ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துறான் பாருங்க, அத எடுத்துட்டீங்களா? இன்னும் இல்லையா? அப்பாடா! நாளைக்குத்தானா அந்தப் பாட்டு? முருகன் என்னக் கைவிடல. மிஸ், அத எடுக்காதீங்க. அந்தச் சத்தம் இருக்கட்டும். இது ஒன்னக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.

தெரியும், தெரியும். குரூப்புல வோட்டு வச்சு முடிவெடுத்தது எனக்குத் தெரியாதா? நூத்தி நாப்பது பேரு இருக்கோம். லண்டன்ல இருந்து, மெல்பர்ன்ல இருந்து, டோஹாவுல இருந்தெல்லாம் கைய தூக்குற படம் போட்டானுங்க. அந்தக் கழுதைய வெட்டி எறியுங்கன்னு எழுதினானுங்க. நாப்பது வருசமா அந்தச் சத்தத்துக்கு கழுதைன்னு தான் பேரு. சரி, நீங்க கேட்டீங்க, மறைக்காம சொல்றேன். நானும் கைய தூக்கித்தான் போட்டேன். சிரிக்காதீங்க மிஸ், கதைய முழுசாக் கேளுங்க.

நீங்க அவங்க ஷோ பாத்திருக்க முடியாது, பொறந்தே இருக்க மாட்டீங்க. அய்யோ, பாத்திருக்கணும்! டனல் ஃபைவ்னு பேரு, மேடையில ஆளு நாலு. ஓகன் பொட்டி வாசிச்சவரு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டாரு. ஆனா பேர மாத்த மாட்டோம்னு, ஷோவுக்கு ஷோ அந்த ஓகனத் தூக்கிட்டு வந்து, ஆளில்லாத ஸ்டூலோட மேடையில வைப்பானுங்க. அதுக்கு மேல ஒரு ஜின்ஜர் பியர் போத்தல். எதுக்குன்னு கேட்டா, அவரு வந்தா தாகமா இருக்கும்ல, அப்படிம்பானுங்க. சனம் அந்த ஸ்டூலுக்கும் சேத்து கைதட்டும்.

டெரிக் கண்டி டவுன் பறங்கி ஆளு, வெக்கம் ஜாஸ்தி. சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் கிட்டார் வாசிப்பாரு. பொம்பளப் புள்ளைங்க, டெரிக் திரும்பு, டெரிக் திரும்புன்னு கத்துங்க. ம்ஹூம். மழைக் கோச்சிக்கு மட்டும் திரும்புவாரு. அந்த ஒரு பாட்டுக்குத் திரும்புற மூஞ்சியப் பாக்கவே மாத்தளையில இருந்து சனம் வரும்.

ஆனா எனக்கு ஹீரோ அவரில்ல, ட்ரம்ஸ் சின்னமுத்து. எங்க தேயிலத் தோட்டத்துப் பொடியன், ஒரே லயத்து வீட்டு வரிசையில நாலு காம்பரா தள்ளி இருந்தவன். அவங்கப்பா திருவிழாவுக்குத் தப்படிப்பாரு. இவன் பால்மா டின்ன கவுத்து வச்சு ஆரம்பிச்சவன். இங்கிலீசு ட்ரம்ஸ் அடிக்கிறவனெல்லாம் ஒரு மாதிரி அடிப்பான், இவன் அடிச்சா காமன் கூத்து பாக்குற மாதிரி காலு தானா ஆடும். டெரிக் மாஸ்டர்கிட்ட யாரோ கேட்டாங்களாம், இந்த அடிய எந்த அமெரிக்காக்காரன்கிட்ட புடிச்சீங்கன்னு. அவரு சொன்னாராம், வத்தேகம பஸ்ல ஏறி கடைசி ஹோல்ட்ல எறங்குன்னு.

சரி சரி, விசயத்துக்கு வாறேன். மழைக் கோச்சில ஒரு சங்கதி இருக்கு. கிட்டார்லயே ரயில் கோச்சி ஓடும். ஓடி ஓடி, டனலுக்குள்ள பூந்ததும் எல்லாம் நின்னுரும். எட்டு எண்ணுற வரைக்கும் ஒரு சத்தமும் இருக்காது, இருட்டு. ஒன்பதாவதுக்கு சின்னமுத்து எறங்குவான், கோச்சி வெளிய வந்துரும். நீங்க கோச்சில கொழும்புக்குப் போயிருக்கீங்க தானே? கடுகண்ணாவப் பக்கம் டனல் வந்தா பொட்டியில என்ன நடக்கும்? ஆங்! கூன்னு கூவுவாங்க தானே? நீங்களும் கூவியிருக்கீங்களா? இந்தச் சின்னக் கொரலுக்கா! பாத்தீங்களா, பள்ளிக்கூடத்துப் புள்ளையில இருந்து பென்சன்காரர் வரைக்கும் கூவத்தான் செய்யும். அது மாதிரி எல்லா ஷோவுலயும் அந்த எட்டு எண்ணிக்கைக்கும் கிரவுண்டே சேந்து கூவும்.

தெல்தெனியல மட்டும் கூவக் கூடாதுன்னுட்டாங்க. ஏன்னா அன்னிக்கு மஹ்மூத் நானா ரெக்கோட் பண்றாரு. அவங்க மச்சான் சவூதியில இருந்து கொண்டு வந்த பெரிய மெசின். டெரிக்கே மைக்குல வந்து மூணு பாசையிலயும் கும்பிட்டுக் கேட்டாரு, இன்னிக்கு மட்டும் டனலுக்குள்ள வாயத் தொறக்காதீங்கன்னு. பழைய தெல்தெனிய கிரவுண்டு அது. இப்ப விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணிக்கடியில கெடக்கு. ஞாயித்துக்கெழம பின்னேரம், சனம்னா சனம், மரத்து மேலயெல்லாம் ஆளு.

மூணாவது பாட்டு முடியிறப்ப நானாவுக்குப் பயம் வந்துருச்சு, பெட்டரி எறங்கிப் போகுமோன்னு. புது பெட்டரி வாங்கக் கடைக்கு ஓடினாரு. ஓடுறதுக்கு முன்ன மெசின ஒருத்தன்கிட்ட பாரம் குடுத்தாரு. நல்ல பொடியன், நம்பிக்கையானவன், டவுன்ல புடவக்கடையில சேல்ஸ்மேன். யாரையும் கிட்ட வர விடாத, பக்கத்துல ஒருத்தனும் இருமக் கூடாதுன்னாரு. அந்தப் பொடியனும் மெசினுக்கு முன்னால காலப் பரப்பிக்கிட்டு பொலிஸ்காரன் மாதிரி நின்னான். மழைக் கோச்சி ஆரம்பிச்சுச்சு. டெரிக் திரும்பினாரு. கோச்சி ஓடுது, ஓடுது, டனலுக்குள்ள பூந்துச்சு. ஆயிரம் சனம் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்குது.

ஆமா மிஸ். நான்தான் அந்தக் கழுதை.

வேணும்னேயா செஞ்சேன்? டனல் வந்தா வாய் தானா தொறக்குது, நான் என்ன பண்ண? கூஊஊ, அடிடா சின்னான்னு ஒரு கத்து. நாலு எண்ணிக்கைதான் ஆயிருக்கும். சின்னமுத்துவுக்கு சின்ன வயசுல இருந்தே என் சத்தம் தெரியும். பொடியன் அப்படியே எறங்கிட்டான், நாலு எண்ணிக்கை முந்தி! டெரிக் மொறைச்ச மொறைப்பு இருக்கே! ஆனா சனம் எழும்பிருச்சு மிஸ். ஜயவேவான்னு சிங்களச் சனம் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். அதுக்குப் பிறகு எல்லா ஷோவுலயும் நாலு எண்ணினதுமே எறங்கினாங்க. அதுதான் சரியா இருந்துச்சு.

நானா பெட்டரியோட வந்து யாருடா கத்தினதுன்னாரு. நான் வாய் கூசாம சொன்னேன், யாரோ ஒரு குடிகாரன் நானா, அடிச்சு வெரட்டிட்டேன்னு. அன்னிக்குச் சொன்ன பொய். அடுத்த வருசம் எண்பத்து மூணு கலவரம். பிறகு யாரு பாட்டுக் கேட்டா, யாரு பேண்ட் வச்சா? டெரிக் மெல்பர்னுக்குப் போயிட்டாரு. ஆளுக்கொரு தெசையாப் போனாங்க, இந்தக் கெசட் ஒன்னுதான் மிஞ்சினது. அதனால அந்தப் பொய்யும் மிஞ்சிருச்சு. நானாவோட நோன்புக் கஞ்சிக்கு வருசா வருசம் போறேன். வருசா வருசம் அந்தக் குடிகாரனுக்கு ஏசுவாரு. நானும் கஞ்சியக் குடிச்சிக்கிட்டே கூட சேந்து ஏசுவேன். இப்ப குரூப்புல வோட்டு வந்தப்ப கை தூக்காம இருந்தா சந்தேகம் வராதா? அதான் எல்லாருக்கும் மொதல்ல தூக்கினேன். புத்தி!

சின்னமுத்துவா? போய்ச் சேந்து பத்து வருசம் ஆச்சு. தங்கமான மனுசன், கடைசி வரைக்கும் என்னக் காட்டிக் குடுக்கல. யாரு கேட்டாலும் நானே யோசிச்சுத்தான் முந்தி அடிச்சேன்னு சொல்லிட்டான். குரூப்புல இன்னிக்கும் சண்ட, அது ஞானமா பிழையான்னு. இப்ப என் சத்தத்த எடுத்துட்டா, அவன் காரணமில்லாம எண்ணிக்கை தப்பின மாதிரிதானே ஆகும்? அதனாலதான் சொல்றேன், சத்தம் இருக்கணும்.

ம்... அத சீடி கவர்ல எழுதலாம் தான். எழுதினா வெளங்கும் தான். நீங்க வெவரமான ஆளு மிஸ்.

என்ன கேட்டீங்க? எனக்குப் பிறகு ஒரு பொம்பளக் கொரல் வருதா? ஒங்களுக்கு அது நல்லாக் கேக்குதா? வார்த்தையெல்லாம் வெளங்குதா? அந்தச் சின்ன சிரிப்பும்? அல்லாவே, மஹ்மூத் நானா சொல்ற மாதிரி சொல்லணும்னா. நல்ல காதும்மா ஒங்களுக்கு. அதுல இருந்து கொப்பி பண்ணினத எங்க வீட்டு ரேடியோல போட்டா வெறும் கரகரப்புதான்.

ரெண்டையும் சேத்துத்தான் வெட்டுறதா இருந்தீங்களா? அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

வேற ஒன்னுமில்ல. அது யசோதா. எங்க வீட்டுல. அப்ப எனக்கு யாரு எவருன்னே தெரியாது, அண்ணிகூட கார்னிவல் பாக்க வந்து எனக்குப் பின்னால நின்னிருக்கா. நான் கத்தினதும், அய்யோ இந்தாளு வாயில யாராச்சும் ஒரு வடைய வச்சு அடைங்களேன்னு சொல்றா பாருங்க, அதுதான். சண்டைக்குத் திரும்பினேன். கையில நெசமாவே வடைய வச்சிருந்தா. நீட்டினா. என்ன செய்ய, வாங்கித் தின்னுட்டேன். மறுவருசத்துக்கு அடுத்த வருசம் கல்யாணம். முப்பத்தஞ்சு வருசம் ஏசினா மிஸ். காலையில ஆரம்பிச்சா பேப்பர் மாதிரி ஒரு நாள் தவறாது.

இருக்கா, இருக்கா, நல்லா இருக்கா! இன்னிக்குக் கூட கத்தரிக்கா வாங்கிட்டு வரச் சொல்லி சீட்டு எழுதிக் குடுத்தா. தொண்டையில கட்டி வந்துருச்சு, கொரல அப்படியே எடுத்துட்டாங்க. ஆறு வருசம் ஆச்சு. உயிருக்கு ஒன்னும் இல்ல, அதுவே பெரிய விசயம். இப்ப கோவம் வந்தா அகப்பையால சட்டிய தட்டுவா, நான் புரிஞ்சுக்குவேன்.

மகன் கல்யாணம் கட்டி மருமகளக் கூட்டிட்டு வந்து ரெண்டு வருசம். தர்ஷிகான்னு, நல்ல புள்ள. மாமியார் வாயால ஒரு ஏச்சு வாங்கல, குடுத்து வச்சவன்னு ஊரு சொல்லுது. அவதான் போன வாரம் அரிசி பொடச்சிக்கிட்டே கேட்டா, மாமா, அத்தையோட கொரல் எப்படி இருக்கும்னு. நான் செஞ்சு காட்டலாம்னு வாயத் தொறந்தேன். வரல மிஸ். முப்பத்தஞ்சு வருசம் கேட்டது, எனக்கே ஞாபகம் வரல. எனக்குப் பயமாப் போச்சு. போன்ல தேடினோம், அவ பேசின காலத்துல எங்ககிட்ட பட்டன் போன் தான். மூத்த மகளோட கல்யாண வீடியோவுல வீடியோக்காரன் முழுக்கப் பாட்டப் போட்டு மூடிட்டான். அப்பத்தான் இந்தக் கெசட் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள நான் கைய தூக்கி முடிஞ்சுது.

நானாகிட்ட சொல்லணும், ஆமா. சொல்லிர்றேன். இந்த வெள்ளிக்கெழம தொழுதுட்டுப் பள்ளி விட்டு வரட்டும், வாசல்லயே நின்னு சொல்றேன். ஏசட்டும். என் சத்தத்த வேணும்னா நல்லா வெட்டி எறியுங்க மிஸ், எனக்கு அது வேணாம்.

எவ்வளவு நேரம் வருது அவ பேசுறது? நாலு செகண்டா?

நாலு செகண்டு போதும். அந்தக் காதுல மாட்டுறத கொஞ்சம் இங்க தாங்க. என் கத்து முடியிற எடத்துல இருந்து போடுங்க.