வைஃபை பெட்டிக்குக் கம்பளிக் குல்லா

நாயுடுபுரத்தில் பேத்துப்பாறை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் போர்வை சுற்றிய டிவியை அணைத்தபடி நின்றார். கூட நின்ற அவர் மனைவி அவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"வைஃபை பெட்டிக்குக் கம்பளிக் குல்லா பின்னிப் போட்டது நாந்தாங்க."

"பெட்டிக்குக் குல்லாவா?"

"பனி எறங்குனா நாம போத்திக்கிறோம்ல? அதுவும் பாவந்தான."

"அடியே, அது தானே சூடாகுற சாமான். குல்லாக்குள்ள வெந்துபோயித்தான் நெட்டு விட்டு விட்டுப் போகுது. நான் டிவிதான் ரிப்பேருன்னு தூக்கிட்டு வந்தா, மெக்கானிக்கு 'இது நல்லாத்தான இருக்கு'ன்னு சிரிக்கிறாரு."

"கோவப்படாதீங்க. இன்னைக்குக் கிருத்திகை. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் பழனி மலை ஏற முடியுமா? டிவியிலதான் தங்கத்தேர் பாக்கணும். போன கிருத்திகைக்குத் தேர் திரும்பையில நெட்டு நின்னுபோச்சு. சாமி மொகத்தப் பாக்கவே இல்லைங்க."

முருகா, பஸ்ஸைச் சீக்கிரம் அனுப்பு என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் டிவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "வெரசா போயிருவோம். குல்லாவக் கழத்திட்டு, தேர் முடியிற வரைக்கும் பெட்டிக்கு நான் விசிறி விடுறேன். நீ நிம்மதியாப் பாரு" என்றார்.

"அப்ப நீங்க சாமி கும்புட வேணாமா?"

"எனக்கும் சேத்து நீயே கும்புட்டுரு."