இருநூற்றில் ஒன்றும் தேறவில்லை

பத்தொன்பது வருடமாக நுணுக்குக்காட்டியில் கண் வைத்து வேலை செய்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இன்னமும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஆகவே கிஷாந்தின் றிப்போட்டில் கண் தவறிவிட்டது என்று சொல்லப்போவதில்லை.

எங்கள் வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில், விந்தணுக்களுக்குச் சாயமிட்டு, இருநூற்றை எண்ணி, தலையும் கழுத்தும் வாலும் ஒழுங்காக உள்ளவை எத்தனை என்று பார்ப்பது என் வேலை. நூற்றுக்கு நாலு தேறினால் போதும். கிஷாந்துக்கு ஒன்பது தேறியது.

அன்று அவனோடு தாயும் மனைவி மிதுனாவும் வந்திருந்தார்கள்.

"என்ர பிள்ளையில ஒரு குறையும் இல்லை, மிஸ். டொக்டர் கேட்டவர் எண்டுதான் வந்தனாங்கள். மலடு இவள்தான்," என்றார் தாய், இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்க. கிஷாந்த் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மிதுனா தலை நிமிரவில்லை.

என் மாமியாரும் இதே சொல்லைத்தான் சொன்னார். ஏழு வருடம் ஊசியும் ஸ்கானுமாக அலைந்தேன். என் கணவர் தனஞ்சயன் ஒரு தடவைகூடத் தன்னைச் சோதிக்க விடவில்லை. பிறகு நுகேகொடையில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டார். அந்தச் சொல்லை ஒரு ஆணாவது சுமக்கட்டும் என்று நினைத்தேன். ஒன்பது என்று எழுத வேண்டிய இடத்தில் சைபர் எழுதினேன். இயல்பாகப் பிள்ளை தங்குவது கஷ்டம் என்று டொக்டர் அவனிடம் சொன்னாராம்.

மூன்று மாதம் கழித்து மிதுனா தனியாக வந்தாள். வயிற்றில் இரண்டு மாதம். கன்னம் கன்றிப் போயிருந்தது.

"மயூரியக்கா, பிள்ளை ஆரின்ர எண்டு கேட்டு அடிக்கிறார். றிப்போட் பிழைச்சிருக்குமோ? ஒருக்காப் பாருங்கோ."

அவனுடைய ஸ்லைட் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்து, திருத்தி எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் பேசி முடிக்கும்வரை அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கட றிப்போட் பிழைக்காது, தங்கச்சி," என்றேன்.

மறுநாள் காலை கிஷாந்த் அவளை மூன்றாம் மாடிப் படியிலிருந்து தள்ளிவிட்டான். அவளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

பொய் எழுதியது நான். அவள் வந்து கேட்டபோது மறைத்ததும் நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். இன்னொன்றையும் விடாமல் எழுதுங்கள், ஐயா: அந்தக் குடும்பத்துக்கு எதிராக மிதுனாவின் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான்.