சாம்பல் நிறக் கேட்

இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதில் அவசரம் கூடாது. உப்புத்தாள் போட்டுத் துருவைச் சுரண்ட வேண்டும், பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறம். காலமெல்லாம் மோட்டார் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் நான், சொந்த வீட்டுக் கேட்டில் அரைகுறையாக வேலை செய்வேனா? துரு இருந்தது உண்மை. சுரண்டிய தூள் இன்னும் வாசலோரம் கிடக்கும், ஆளை அனுப்பிப் பாருங்கள்.

என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதற்குத்தான் வருகிறேன். டீக்கு நன்றி. யாரோ போட்டு என் கையில் கொடுத்த டீயைக் குடித்து ரொம்ப காலமாகிறது.

அவள் தபால்காரியாக இருந்தவள். காலில் சக்கரம் கட்டியது போல நடப்பாள், அதனால் தெருவில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். ஓய்வு பெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு மகளின் பெயரை, அதன் பிறகு என்னை. மறதி நோய் என்றார் டாக்டர்.

"ஒரே இடத்துல உக்கார வெச்சிடாதீங்க. தினமும் நடக்கணும். கைக்கும் மூளைக்கும் வேலை இருந்துக்கிட்டே இருக்கணும். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலையா இருந்தா ரொம்ப நல்லது."

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். யோசனை என்னுடையது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பழைய கவர்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் எங்கள் தெருவின் வீட்டு எண் ஒன்றைப் பெரிதாக எழுதினேன். உள்ளே ஒன்றும் கிடையாது. காலையில் மேசையில் கொட்டினால் எண் வாரியாக அடுக்குவாள், தோள்பையில் போடுவாள், கிளம்பிவிடுவாள். அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள், சிரிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். தையல்காரர் மட்டும் வம்புக்கு இழுப்பார்.

"என்ன எக்ஸ்பிரஸ், எனக்கு லவ் லெட்டர் எதுவும் வரலையா?"

"உங்க மூஞ்சிக்குக் கரண்ட் பில் வர்றதே பெருசு."

அந்த நேரத்தில் பார்த்தால் அவளுக்கு நோய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாலையில் நான் அதே வீடுகளின் படியேறி எல்லாக் கவர்களையும் திரும்ப வாங்கி வருவேன். கலைத்து வைப்பேன். காலையில் அவள் அடுக்குவாள். அவள் கொடுக்க, நான் வாங்க, இப்படியே ஓடியது. எனக்குக் காய்ச்சலானாலும் போக வேண்டும். ஒருநாள் கவர் இல்லையென்றால் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வெளியூரிலிருக்கும் மகள் போனில் "அப்பா, நீங்க தெய்வம்ப்பா" என்பாள். தெய்வத்துக்கு லீவு உண்டா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கவர் கிடையாது. அவள் திரும்பி வருவதற்கு அடையாளம் கேட்தான். தெருவிலேயே எங்களுடையது மட்டும் சிவப்பு. கல்யாணமான புதிதில் அவள் ஆசைப்பட்டாள் என்று, பட்டறையில் மிஞ்சிய கார் பெயின்டைக் கொண்டுவந்து நான் அடித்தது. சிவப்பைக் கண்டால் உள்ளே வருவாள். உள்ளே வந்த பிறகுதான் நான் அவளுக்கு "என்னங்க". வெளியே எங்கே பார்த்தாலும் என்னை "சார்" என்பாள். கட்டியவனை மறந்துவிட்டாள், கேட்டை மறக்கவில்லை. அது எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன்.

கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம். நடை, தூக்கம், பிரஷர் எல்லாம் நல்லா இருக்கு. இப்படியே பாத்துக்கிட்டீங்கன்னா இன்னும் பல வருஷம் ஓட்டிடலாம்."

அவள் குழந்தை போலக் கைதட்டினாள். எனக்கு மூச்சு முட்டியது. பெயின்ட் புகையில் என் நுரையீரல் ஏற்கெனவே பாதி போய்விட்டது. மீதியும் அந்தக் கவர்களோடு படியேறி இறங்கியே போகும் என்று தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். அவள் தன் கைக்குட்டையை நீட்டி, "அழாதீங்க சார், எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். அவள் நல்லவள். அவள் மேல் நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

கேட்டின் துரு அந்த வாரம்தான் என் கண்ணில் பட்டது. இரண்டு பக்கத்து வீட்டுக் கேட்டுகளும் சாம்பல் நிறம், அதையே வாங்கினேன். தெரு ஒரே சீராக இருந்தால் அழகுதானே. முதல் நாள் சுரண்டி பிரைமர் அடித்தேன். இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடும் சிவப்புதான், அவள் தடுமாறாமல் உள்ளே வந்துவிட்டாள். மறுநாள் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு சாம்பலைப் பூசினேன். ஒரு திப்பி இல்லை, ஒரு வழிசல் இல்லை.

எங்கள் தெரு முடிகிற இடம் வாய்க்கால் கரை. அங்கே தடுப்பு இல்லை என்று நானே புகார் கொடுத்திருக்கிறேன், நீங்கள் விசாரிக்கலாம்.

மாலையில் வழக்கம் போல வீடு வீடாகப் போய்க் கவர்களை வாங்கினேன். "எக்ஸ்பிரஸ் வந்தாச்சா?" என்று தையல்காரர் கேட்டார். "தூங்குறா" என்றேன். அது பொய்தான். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இருட்டிய பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவள் வந்தபோது நான் கேட்டுக்கு அருகில் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தோளில் பை காலியாகத் தொங்கியது.

"சார், இங்க சிவப்புக் கேட் போட்ட வீடு எங்க இருக்கு? எங்க வீட்டுக்காரர் சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பாரு."

பேசிக்கொண்டே கம்பியைப் பிடிக்கக் கையைக் கொண்டுவந்தாள்.

"கை வெச்சிடாதீங்க, ஈரம்" என்றேன். பிறகு வாய்க்கால் பக்கம் கை காட்டினேன். "நேராப் போங்கம்மா. கொஞ்ச தூரம்தான்."

"ரொம்ப நன்றி சார்."

சந்தோஷமாக, வேகமாக நடந்தாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. நடப்பது அவளுக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.