வலது காலுக்கான களிம்பு

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் ஆய்வகத்தில் டப்பாக்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை எப்போதும் என்னிடமே வரும். நான் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்த இரண்டிலும் இருப்பது என் எழுத்துதான். ‘இ’ என்றால் இடது கால். ‘வ’ என்றால் வலது.

நான்கு வருடமாகக் குப்பைமேனி இலையில் வேலை செய்கிறேன். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுக்க வேண்டும். கிருமி வளரும் தட்டில் அதை ஒரு சொட்டு விட வேண்டும். சாற்றுக்கு வீரியம் இருந்தால் சொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் ஒன்று தெளிந்து நிற்கும். பக்கத்தில் வெறும் எத்தனாலும் ஒரு சொட்டு விடுவோம். அங்கே ஒன்றும் நடக்கக் கூடாது. ஒப்பிட அது இருந்தால்தான் முடிவுக்கு மதிப்பு.

என் வட்டம் பதினெட்டு மில்லிமீட்டர். கூட்டத்தில் சொன்னபோது பேராசிரியர் சிரித்தார்.

“தட்டுல எது வேணா சாகும்மா. மனுஷத் தோல்ல காட்டு, பாப்போம்.”

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சமையலறையில் வெந்நீர்ப் பானை கவிழ்ந்து அம்மாவின் இரண்டு பாதங்களும் வெந்துபோயின. மருத்துவர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். ஒரு களிம்பும் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். மறுநாள் காலை கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவு புண். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு. இப்படி ஒரு ஜோடி கிடைப்பது அபூர்வம்.

மருத்துவரின் களிம்பை ஒதுக்கி வைத்தேன். இடது காலுக்கு, நானே சாறு கலந்து செய்த களிம்பு. வலது காலுக்குச் சாறில்லாத வெறும் களிம்பு. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று அதில் கொஞ்சம் பச்சைச் சாயம் சேர்த்தேன். மருத்துவரின் மாத்திரை உள்ளே போனால் எது எதனால் ஆறியது என்று சொல்ல முடியாது. அதனால் அந்தப் புட்டியில் சத்து மாத்திரைகளை மாற்றிப் போட்டேன்.

அம்மா சந்தோஷமாகத்தான் இருந்தாள். தினமும் காலையில் நான் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்துக் கட்டு மாற்றுவேன்.

“இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான்டி எங்கிட்ட உக்காந்து நாலு வார்த்தை பேசற. தெரிஞ்சிருந்தா எப்பவோ பானையைக் கவுத்திருப்பேன்” என்பாள்.

ஐந்தாம் நாள் சிரிப்பு குறைந்தது.

“வலது கால்தான்டி உயிர் போகுது. அதுக்குக் கொஞ்சம் அதிகமாத் தடவு.”

“ரெண்டுக்கும் ஒரே அளவுதாம்மா.”

“சரி. உனக்குத் தெரியாததா.”

ஏழாம் நாள் வலது காலில் வாடை வந்தது. புண்ணின் ஓரம் கறுத்தது. அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். காய்ச்சலைக் குறித்துக்கொண்டேன். இன்னும் மூன்றே நாள்தான் பாக்கி. நடுவில் நிறுத்தினால் அதுவரை அவள் பட்ட வேதனைக்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். இடது காலில் புதுத் தோல் வந்திருந்தது.

ஒன்பதாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவமனையில் மருத்துவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். “மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா இல்லையா?” அம்மா கண்ணைத் திறந்தாள்.

“அவளைத் திட்டாதீங்க டாக்டர். வேளாவேளைக்குக் குடுத்தா. நாந்தான் கசக்குதுன்னு பாதியைத் துப்பிட்டேன்.”

அவள் ஒன்றைக்கூடத் துப்பியதில்லை. ஒவ்வொன்றையும் விழுங்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே, யாராவது என்னைக் கேள்வி கேட்டு நான் திணறினால் அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

மறுநாள் மதியம் இறந்துபோனாள்.

அவளைக் கொன்றது நான்தான். அதை மறைக்க எனக்கு எண்ணமில்லை. அம்மா பெயரில் ஒரு பொய் நிற்கிறதே, அதைப் பொறுக்க முடியாமல்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். மருத்துவமனைக் கோப்பில், அவள் ஆன்டிபயாடிக்கைப் பாதிதான் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறார்கள். பாதி இல்லை, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தயவுசெய்து அதைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடது கால் ஆறியது அந்த மாத்திரையால்தான் என்று பேராசிரியர் சொல்லிவிடுவார்.