குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்

ஸ்டேஷன் டீயில சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குது சார். பரவாயில்ல, தேவகியும் இப்படித்தான் போடுவா. நீங்க செருப்பைப் பத்திதானே கேட்டீங்க. அதுக்கு வர்றேன். முதல்ல பாலிசியைச் சொன்னாதான் உங்களுக்குப் புரியும்.

காந்தி ரோட்டுல ஒரு பட்டுக்கடையில புடவை எடுத்துக் காட்டுற ஆளு நான். இந்தக் கலியாணசுந்தரம் முன்னாடி உக்காந்த எந்தக் கல்யாண வீட்டுக்காரங்களும் கோவிச்சுக்கினு எழுந்து போனதில்ல, அவ்ளோ பொறுமை எனக்கு. எங்களுது பிள்ளையார்பாளையத்துல அப்பா விட்டுட்டுப் போன ஓட்டு வீடு. முன்பக்கம் நானும் என் பொண்டாட்டி மஹாலட்சுமியும். பின்பக்கம் தறி போட்ட ரூம்ல தம்பி பொண்டாட்டி தேவகி. தம்பி போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் அவளேதான் நெய்யறா. நெய்துக்கினு இருந்தா. கூடப் பொறந்தவளா நினைச்சுத்தான் பாத்துக்கினேன்.

ஏஜெண்ட் தணிகாசலம்தான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னான். இருக்கிறதுலயே விலை கம்மியான பாலிசி. "வீட்டுல தொழில் ஏதாச்சும் நடக்குதாண்ணே?"ன்னு கேட்டான். இல்லப்பான்னேன். பொய் சொல்லல சார். எங்க தெருவுல தறியும் அடுப்பு மாதிரிதான், வீடுன்னா அதுவும் சேர்ந்ததுதான். அதைப் போய் எவனாவது தொழில்னு சொல்லுவானா.

ஐப்பசி மழையில தறி ரூமோட பக்கச் சுவர் இடிஞ்சி விழுந்துடுச்சி. கம்பெனியிலேர்ந்து ரெஹான்னு ஒரு ஆபீசர் வந்து பாத்தாரு. மரியாதையான மனுஷன். "பழைய சுவர் ஊறி விழுந்தா இதுல வராதுண்ணே. கம்மி விலை பாலிசி, இதுக்கு இவ்ளோதான். தீப்பிடிச்சா வரும்"னாரு. பாலிசியில அந்த இடத்தை இன்னொரு தபா படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன்.

விழுந்த சுவருக்குப் பதிலா தென்னங்கீத்து கட்டினோம். தேவகிகிட்ட தன்மையாத்தான் சொன்னேன். "நீ அனுகிட்ட போய் இரும்மா, இதை இடிச்சிட்டு நல்லதாக் கட்டலாம்." அனு அவ பொண்ணு, ஒரகடத்துல கம்பெனி வேலை. "தறிக்குழியை மூடிட்டு நான் எங்க மாமா போவேன்? பாதி வீடு அவரோடது"ன்னா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. நான் பொறந்த வீடு கண்ணு முன்னாடியே கரைஞ்சிக்கினு இருக்குது. மழைக்குக் கிடையாது, தீக்கு உண்டு. நீங்களே சொல்லுங்க, வேற என்ன வழி இருக்குது?

அமாவாசையாப் பாத்ததே அவளுக்காகத்தான். அன்னிக்கு எங்க தெருவுல தறி ஓடாது, அவளும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிடுவா. ஆள் இருக்கக் கூடாதுன்னு அவ்ளோ யோசிச்சேன் சார். மஹாலட்சுமியைக் கோயில்ல உக்கார வெச்சிட்டு, கண்ணாடியை மறந்துட்டேன்னு வீட்டுக்குத் திரும்பினேன். பின்பக்கம் தறிச்சத்தம் இல்ல. தம்பி போட்டோவுக்கு ஏத்தின விளக்கை எடுத்துக்கினு போய் கீத்து அடியில வெச்சேன். ஆளில்லாத வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போறது முறையில்லையே, பின்பக்கம் தேவகியோட கதவுக்கும் வெளியில பூட்டுப் போட்டேன்.

முகூர்த்தப் புடவை அவசரம்னு அவ கோயிலுக்குப் போவல. குழியில காலைத் தொங்கப் போட்டுக்கினு, அறுந்த இழையை முடிஞ்சிக்கினு இருந்திருக்கா. தறியை ஓட்டினாதானே குத்தம், இழை முடியறது குத்தமில்லன்னு நினைச்சிருப்பா. சத்தமே வராத வேலை. நான் அழுததைத் தெருவே பாத்துது. அனு மட்டும்தான் அழல, எரிஞ்ச கதவையே பாத்துக்கினு நின்னா.

ரெஹான் மறுபடி வந்தாரு. கருகின தறியைப் பாத்துட்டு, "இது குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்தாண்ணே, தொழில் நடந்ததை நீங்க சொல்லவே இல்லையே"ன்னாரு. ஒண்ணும் கிடையாதாம். தேவகி செத்ததுக்காவது ஏதாச்சும் வருமான்னு கேட்டேன். பாலிசி எடுத்தவனோ அவன் பொண்டாட்டியோ செத்தாதான் வருமாம், தம்பி பொண்டாட்டி அதுல சேர மாட்டாளாம். அதோட எனக்கு மனசு விட்டுப்போச்சி. தப்பு என்னுதுதான் சார், அதை எழுதிக்கோங்க. நான் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

ஆங், செருப்பு. எல்லாம் எரிஞ்சப்போ அந்த ஜோடி மட்டும் எதிர்வீட்டுப் படிக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்க. அனு முதல் சம்பளத்துல அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது அது. அதைப் போடாம தேவகி தெருவுல இறங்க மாட்டா. அன்னிக்கு அவ கதவுக்கு முன்னாடி கழட்டி விட்டிருந்தா. அந்தப் பொண்ணு ஆசையா வாங்கினதாச்சே, பொசுங்கிடக் கூடாதேன்னு நான்தான் எடுத்து எதிர்வீட்டுப் படியில வெச்சேன். அப்புறம்தான் வந்து பூட்டினேன்.