யாரும் புழங்காத பைல்

என் பெயர் மருதாம்பாள், வயது 47, கணவர் பெயர் செல்லையா. கோத்தகிரி பக்கம் மஞ்சுக்கொரை எஸ்டேட் மேல் டிவிஷனில் ஏழாம் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். கண்டியில் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன், பத்தொன்பது வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தேன். பதினோரு வருடமாக எஸ்டேட் ஆபீசைக் கூட்டிப் பெருக்கி டீ போட்டுக் கொடுக்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் டீயைப் பற்றி நான் சொன்னதை எழுத வேண்டாம் என்று ஏட்டையாவிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆபீஸ் கிளார்க் ரேணுகா எங்கள் பக்கத்து லயத்து ராசுவின் மகள், 24 வயது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஆளைக் குறைக்கப் போவதாக எஸ்டேட்டில் பேச்சு. வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்துத்தான் யார் இருப்பது, யார் போவது என்று முடிவாகும். 412 பேருடைய தேதியும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆள் பதிவு என்ற புரோகிராமில் இருக்கிறது. பழைய அட்டைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததை ரேணுகா என் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் பிரித்து எட்டு மாதத்தில் ஏற்றியது. பிரித்த பிறகு அட்டைகள் பொடிந்துவிட்டன.

17.7.2001 செவ்வாய்க்கிழமை காலை சுமார் 11 மணிக்கு மேனேஜர் குமாரசாமி அவர்கள், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, இப்போது ஓடாத இலை எடைப் புரோகிராமை எடுத்துவிடு என்று ரேணுகாவிடம் சொன்னார். அதன் பிறகு ரேணுகா எடுக்க ஆரம்பித்தது. திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. என்ன என்று கேட்டேன்.

“இந்தப் பைல வேற எந்தப் புரோகிராமும் புழங்கல போல, எடுத்துறட்டுமான்னு கேக்குதுக்கா.”

“நம்ம லயத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டு எடுக்கறதில்ல. மரியாதையான மிசினு” என்றேன். ரேணுகா சிரித்துக்கொண்டே பெரிய பொத்தானை அமுக்கியது. இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்றாவது கட்டத்தில் தெரியாத பெயர் வந்தது. “இத ரமணன் சாரக் கேட்டுட்டு வர்றேன், தொட்றாதக்கா” என்று சொல்லி மேனேஜர் அறைக்குப் போன் பேசப் போனது. ரமணன் என்பவர் ஆள் பதிவு புரோகிராமைப் போட்டுக் கொடுத்த கோயமுத்தூர்க்காரர்.

அதன் பிறகு ஜன்னல் வழியாக மலை மஞ்சு வெள்ளை மூட்டமாக உள்ளே வந்தது. மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்த் திரையின் நீல வெளிச்சம் மட்டும் இருந்தது. அந்த எழுத்துக்கள் எனக்குத் தெரியாது. தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசையாக நிற்பது போல இருந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காக அது நின்றுகொண்டே இருந்தது எனக்குப் பாவமாகப் பட்டது. யாரும் புழங்காததுதானே என்று பெரிய பொத்தானை நான் அமுக்கினேன். கட்டம் சத்தமில்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு ரேணுகா லைன் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தது. திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. ஆள் பதிவைத் திறந்தபோது அந்தப் புரோகிராம் ஒரு பைல் இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. ராசு கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர், வெளியே போகிறவர்களில் ஒருவர், அதனால் மகள் வேண்டுமென்றே பதிவை அழித்தாள் என்று மேனேஜர் புகார் கொடுத்தார். ரேணுகா தான்தான் அமுக்கியதாகச் சொல்லிவிட்டது. நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ரமணன் ஃபிளாப்பியோடு பஸ்ஸில் வந்தார். தன் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுவதாகச் சொன்னார்.

“அப்ப அந்தக் கம்ப்யூட்டரயே இங்க எறக்கிட்டுப் போயிருக்கலாமுங்களே தம்பி” என்றேன்.

“ஏனுங்க அக்கா, நீங்க வேற” என்றார். அதன் பிறகு விவரம் சொன்னார். இரண்டு புரோகிராமுக்கும் பொதுவாக ஒரு பைல், எங்கள் லயத்துக் குழாய் மாதிரி. அதை முதலில் வைத்தது எடைப் புரோகிராம். இவர் பிறகு வந்தவர், ஏற்கனவே இருக்கிறதே என்று தன்னுடையதைக் கொண்டுவரவில்லை, தன் புரோகிராமும் அதைப் புழங்குகிறது என்று கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கவும் இல்லை. அதனால்தான் யாருக்கும் வேண்டாததென்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. ஃபிளாப்பியிலிருந்து அந்தப் பைலைப் போட்டார். ஆள் பதிவு வேறொரு பைலைக் கேட்டது. அதையும் போட்டார், பழையது என்று தள்ளிவிட்டது. புதியதைப் போட்ட பிறகு பதிவு திறந்தது. மஞ்சிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது போல 412 பேரும் வரிசையாக மேலேறி வந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

ஆனாலும் அமுக்கியவரை விடமாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஆபீஸ் பின்பக்கம் ரேணுகாவை நிறுத்தி, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“எனக்கு மலையெறங்கிக் கீழ போனா வேல கெடைக்கும். உன்ன லயத்த விட்டு எறக்கிட்டா எங்கக்கா போவ?”

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு சுத்தமாகப் பொய் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் எங்கே போவேன் என்பது எனக்கும் தெரியாது. ஆனால் மூன்றாவது முறை பொத்தான் அமுங்கியபோது ரேணுகா அந்த அறையில் இல்லை, நான் மட்டுமே இருந்தேன்.

இதை ஏட்டையா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ரேணுகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் சத்தமாகவே வாசிக்கச் சொன்னேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) செ. மருதாம்பாள்
19.7.2001