நீலத் தொட்டி கவிழ்ந்தது பற்றி மோகனா கூறியது

என் பெயர் மோகனா, த/பெ ரங்கசாமி. வயது முப்பத்தெட்டு. மெர்லிமாவுக்கு அருகே செம்பாக்கா தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில், கடைசி வரிசையில், என் கணவருடனும் மாமியார் முனியம்மாவுடனும் வசிக்கிறேன். மலாக்கா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்து ஆற்றைச் சீராக்கும் குழுவுக்குச் செயலாளராக இருக்கிறேன். என்னை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். லாக்கப்பில் இருக்கும் இருளாண்டி மீனுக்கு விஷம் வைக்கவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதும்படி கேட்டேன். வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்று சார்ஜன் தனபாலன் கூறியதால் வரிசையாகச் சொல்கிறேன்.

அதை ஆறு என்று சொல்லவே முன்பு எங்களுக்கு வெட்கமாக இருக்கும். கிழிந்த மெத்தையும் பாம்பர்ஸும் உடைந்த டிவியும்தான் அதில் மிதந்தன. நன்னீர் மீன்களும் மற்ற உயிரினங்களும் திரும்பி வந்து வாழும்படி ஆறுகளைச் சரிசெய்ய அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு மனு போட்டோம். நமக்கெல்லாம் எங்கே தரப் போகிறார்கள் என்று ஊரே சிரித்தது. மானியம் கிடைத்துவிட்டது. அன்று எங்கள் வரிசையில் பட்டாசு வெடித்தார்கள், நானும் வெடித்தேன். முதல் தவணையில் குப்பையை வாரி, கரையில் நாற்று நட்டு, வேலி போட்டோம். மீன் குஞ்சு விடும் நாளில் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால் அடுத்த தவணை கிடைக்கும். அது வந்தால்தான் மேல்பக்கத்துச் சாக்கடையை ஆற்றில் விழாமல் திருப்ப முடியும். வராவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

இருளாண்டி தோட்டத்தில் ஆடு வளர்ப்பவர். நாங்கள் போட்ட வேலியால் அவருடைய ஆடுகள் தண்ணீருக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கோயில் கூட்டத்தில் அவர், "இந்த ஆத்துல ஒரு மீனு உசுரோட நீந்துதான்னு நானும் பாக்கிறேன்" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தியது உண்மை. நானும் பதிலுக்குக் கத்தினேன். அவருக்கும் எனக்கும் ஆகாது. அவருக்காகப் பொய் சொல்லும் தலையெழுத்து எனக்கு இல்லை என்பதால் இதையும் எழுதச் சொன்னேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, வாழை மரம் கட்டி, ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வைத்தோம். கல்யாண வீடு தோற்றுவிடும். மீன் குஞ்சுப் பண்ணையிலிருந்து பிரான்க்ளின் என்பவர் லோரியில் மூன்று தொட்டி லம்பாம் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து கரையோரம் இறக்கினார். ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றிக் குஞ்சுகளைப் பழக்கிய பிறகே விட வேண்டும் என்று சொல்லி, நீலத் தொட்டியின் மூடியை மட்டும் திறந்து வேலையைத் தொடங்கினார். அந்த நேரத்தில் அதிகாரிகளின் கார் வழி தெரியாமல் நிற்கிறது என்று போன் வந்தது. குழுத் தலைவர் ஷங்கர் பிரான்க்ளினையும் ஏற்றிக்கொண்டு பெரிய சாலைக்குப் போனார்.

அதன் பிறகு என் மாமியாரின் தலைமையில் கோயில் பெண்கள் ஆரத்தித் தாம்பாளங்களோடு வந்தார்கள். மீனுக்கா ஆரத்தி என்று நான் சிரித்தேன். "புது வீட்டுக்கு வர்ற பிள்ளைங்கம்மா, ஆரத்தி எடுக்காம உள்ள விடறதா?" என்றார் மாமியார். எனக்கும் அது பிடித்திருந்தது. கூடாரத்தின் பக்கம் என் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டிப் படம் பிடிக்க வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே கை தட்டினேன். சுற்றிய ஆரத்தியை எங்கே ஊற்றினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ரோட்டில்தான் ஊற்றுவது வழக்கம். அதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டதால் எல்லாரும் மாலையோடு கூடாரத்துக்கு ஓடினோம்.

அதன் பிறகு யாரோ அலறும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது, இருளாண்டி நீலத் தொட்டியை ஆற்றுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது, சில குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. விஷம் கலந்துவிட்டான் என்று கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் யாரும் காது கொடுக்கவில்லை. ஷங்கர் புகார் செய்தார். அவர் கேட்டதால், படத்தில் தொட்டியைத் தள்ளும் இடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். உங்களிடம் இருப்பது அந்தத் துண்டுதான். மற்ற இரண்டு தொட்டிகளையும் பிரான்க்ளின் மூடியோடு திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போலீஸ் புகார் முடியும்வரை அடுத்த தவணையைப் பற்றிப் பேச முடியாது என்று அதிகாரிகளும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

நேற்று மத்தியானம் மாமியார் வீட்டுக்குப் பின்னால் தாம்பாளம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆரத்தியை எங்கே ஊற்றினீர்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"ரோட்டுல பிள்ளைங்க நின்னுச்சுங்க. தண்ணியில வந்ததுங்களுக்குத் தண்ணியிலதானே ஊத்தணும்? தெறந்திருந்த தொட்டியில ஊத்திட்டோம்."

"எல்லாருமா அத்தை?"

"எல்லாரும்தான்லா. நெறம் நல்லா வரணும்னு நான்தான் சுண்ணாம்பை அள்ளிப் போட்டேன்."

 உடனே பிரான்க்ளினுக்குப் போன் போட்டேன்.  அவர், "அக்கா, சுண்ணாம்புத் தண்ணில குஞ்சு தாங்காது. உடனே ஆத்துல கொட்டினதாலதான் மிச்சமாவது பொழைச்சிருக்கும். யாரு அக்கா கொட்டினது?" என்றார். லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அதன் பிறகு படத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். நாங்கள் கூடாரத்துக்கு ஓடிய பிறகு இருளாண்டி ஓர் ஆட்டை விரட்டிக்கொண்டு வருகிறார். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். இரண்டு கையாலும் குஞ்சுகளை அள்ளி எங்கள் பக்கம் தூக்கிக் காட்டுகிறார். மறுபடியும் அள்ளிக் காட்டுகிறார். தலைத்துண்டை அவிழ்த்து எங்களைப் பார்த்து வீசிக் காட்டுகிறார். நாதஸ்வரத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நாங்கள் அதிகாரிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகுதான் தொட்டியைத் தோளால் முட்டித் தள்ளுகிறார். முழுப் படத்தையும் சார்ஜனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இன்று காலை நானும் மாமியாரும் ஆற்றங்கரைக்குப் போனோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சார்ஜன், இதை விடாமல் எழுதுங்கள்: வேலிக்குக் கீழே, நாங்கள் நட்ட நாற்றுகளின் நிழலில், லம்பாம் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன! நான் கத்திய கத்தலில் மாமியார் பயந்து என்னைப் பிடிக்க, இருவருமே சேற்றில் விழுந்தோம். என் சட்டையில் இருக்கும் சேறு அதுதான். துணி மாற்றக்கூடப் பொறுமையில்லாமல் மோட்டார் சைக்கிளில் நேரே இங்கே வந்துவிட்டோம். என் மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "என்னைப் புடிச்சிக்கிட்டு அவரை விடுங்க" என்று வருகிற போலீஸ்காரர்களிடம் எல்லாம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆசையில் செய்தார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சார்ஜன் எழுந்து போய் இருளாண்டியை அழைத்துவரச் சொன்னார். அவர் வந்து என்னைப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். எங்களைத் திட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏம்மா, குஞ்சுங்க பொழைச்சிச்சா?"

பிழைத்துவிட்டன மாமா என்றேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

நான் தமிழில் கூறியதைச் சார்ஜன் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்ல வைக்கவில்லை. இவை அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ர. மோகனா